உதிரிக் கூடை

காலை ஆறு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால், கிடங்குக்காரர் குளிர் அறையைத் திறந்து பெட்டி பெட்டியாக முகர்ந்து பார்த்தார்.

மூன்றாம் பெட்டியில் நாலு ஆரஞ்சு மாட்டின. காம்புப் பக்கம் பச்சைப் பூசணம். எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மூலையில் நிறைந்திருந்த உதிரிக் கூடையிலிருந்து நாலு நல்ல பழத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல வெளியே வந்தார்.

முப்பத்தெட்டு நாளாக இதுதான் நடக்கிறது.

பறித்த பழம் அழுகாமல் இருக்க வழி தேடும் ஆராய்ச்சி நிலையம் அது. புதுப் பூச்சு பூசிய பழத்தையும் பூசாத பழத்தையும் தனித்தனியாக நாற்பது நாள் அடுக்கி வைத்து, தினமும் எத்தனை கெட்டது என்று எண்ணி எழுதுவார்கள். அதில் கை வைப்பது பெரிய தப்பு. அது அவருக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பூச்சைக் கண்டுபிடித்த பெண்ணை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

போன வருஷம் அவள் வைத்த பழமெல்லாம் நாறிப்போனது. இயக்குநர் எல்லார் முன்னாலும் கிழி கிழி என்று கிழித்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மூட்டையைக் கட்டிக்க வேண்டியதுதான்."

இந்த வருஷம் இரண்டாம் நாளே முதல் பூசணம் தெரிந்தது. அவள் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"வீட்ல என்னை நம்பித்தான் அடுப்பு எரியுது பெரியப்பா. அந்த உதிரிக் கூடையில பழம் இருக்கற மாதிரியே பெட்டியிலயும் இருந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும்!"

பெரியப்பா! அந்த ஒரு வார்த்தைக்கே கரைந்துபோனார்.

"அழாத கண்ணு. எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார். மறுநாள் காலையிலிருந்து நடத்தியும் வைத்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. இயக்குநருக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று, "படிக்காத ஆளை வேலைக்கு வச்சா இப்படித்தான்" என்று நாலு பேர் எதிரில் சொன்ன மனுஷன். அன்றிலிருந்து அந்த மூஞ்சிக்கு இவர் வைத்த பெயர் விளக்கெண்ணெய். எதிரே வந்தால் வணக்கம்கூட வைப்பதில்லை.

'விளக்கெண்ணெய் மூஞ்சியில கரி பூசணும். இந்தப் பொண்ணு ஜெயிக்கணும்.'

ஜெயித்துவிட்டாள். நாற்பதாம் நாள் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் எல்லாரையும் கூட்டிப் பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள். பூசாத பழத்தில் பாதிக்கு மேல் பூசணம். பூசிய பழத்தில் ஒன்றுகூட இல்லை. கூரை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

முன் வரிசையில் இருந்த அவருடைய தங்கை புருஷன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், எங்க வயித்துல பாலை வார்த்துட்டீங்க! இனிமே அழுகிடுமோன்னு பயந்து அவசர அவசரமா விக்க வேண்டாம். இந்த அறுவடை மொத்தத்தையும் பூச்சு பூசி, நாற்பது நாள் கிடங்குல அடுக்கப் போறோம்."

"மொத்தமுமா?"

"ஒரு பழம் விடாம! நூத்திப்பத்து தோட்டம். அதோ, ஒப்பந்தத்துல கையெழுத்து ஆரம்பிச்சாச்சு."

கிடங்குக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அத்தனை கிடங்கிலும் காலை ஆறு மணிக்கு யார் போய் மாற்றி வைப்பது?

மேடையில் பேனா கை மாறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

"எல்லாம் பொய்ங்க! அழுகினதை எல்லாம் எடுத்துட்டு நல்லதை வச்சது நான். தினமும் வச்சேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அதை ஒண்ணும் சொல்லாதீங்க. என்னை வேலையை விட்டுத் தூக்குங்க."

தங்கை புருஷன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், பச்சை மண்.

இயக்குநர் கத்தவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எதிரே நின்றார்.

"சொன்னீங்களே, அதுவே போதும். உக்காருங்க. மாத்தி வைக்க நல்ல பழம் ஏது உங்களுக்கு?"

"உதிரிக் கூடை இருக்கே சார், வெட்டிப் பார்க்கறதுக்குன்னு. அதுலேருந்துதான்."

"முதல் நாள் அதுல எத்தனை வச்சோம்?"

"முப்பது சார். நான்தானே எண்ணி வச்சேன்."

"நீங்க எத்தனை மாத்தியிருப்பீங்க?"

விரல் விட்டு எண்ணினார். "தினம் நாலு, அஞ்சு... நூத்தம்பதுக்குக் குறையாது சார்."

சொல்லி முடித்ததும் எண்ணிய விரல் அப்படியே நின்றது.

கூடை ஒரு நாளும் குறையவே இல்லையே! இன்று காலையில்கூட விளிம்பு வரைக்கும் இருந்ததே!

"குளிர் அறைக்கு எத்தனை சாவி?" இயக்குநரின் குரல் தணிந்திருந்தது.

"ரெண்டு சார். ஒண்ணு என் இடுப்புல..."

மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

பெரியப்பா என்று கூப்பிட்டவள், கழுத்தில் தொங்கிய சாவியை யாருக்கும் தெரியாமல் வெள்ளைக் கோட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.