மூணு ஏழு

"மூணு ஏழைப் போட்டு விடும்மா. ஒரு நிமிஷ வேலை. அதை விட்டுட்டு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கே!"

மேனேஜர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அந்தச் சலவை ஆலையில் எல்லோருக்கும் பட்டது. கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணுக்கு மட்டும் படவில்லை. டீ டம்ளரைக்கூட டிராயரில் வைத்துப் பூட்டுகிறவள். 'சாவி' என்று சும்மாவா பேர் வைத்தார்கள்!

மணி ஒன்றரை. மெஷின் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் மூணு மணி ஷிஃப்டிலிருந்து மெஷின் பக்கமே நிற்கக் கூடாது என்று தலைமை ஆபீஸ் உத்தரவு. ஏழு வருஷமாக நிற்கிற இஸ்திரி அக்காவுக்கோ எழுத்து வாசனையே கிடையாது.

சோப்பு அளவு, சூட்டு அளவு, லீவு லிஸ்ட், தலைமை ஆபீஸ் மட்டும் பார்க்கிற புகார்ப் பெட்டி எல்லாமே ஆலையின் கம்ப்யூட்டர் குறிப்பேடான விக்கியில்தான் இருந்தன. அந்த விக்கியை வாய்விட்டுப் படிக்க வைக்கிற பிளகின் என்ற துணை புரோகிராம் ஒன்றைச் சாவி தேடிப் பிடித்திருந்தாள். காதால் கேட்டாலும் படித்த மாதிரிதான் என்று தலைமை ஆபீஸிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டாள். பாழாய்ப்போன பிளகின்தான் ஏறவே மாட்டேன் என்றது.

'அனுமதி மறுக்கப்பட்டது.' எத்தனை தடவை ஏற்றினாலும் இதே பதில்.

"அது என்னம்மா மூணு ஏழு?" வாசலில் நின்ற இஸ்திரி அக்கா கேட்டாள்.

"எல்லாக் கதவையும் எல்லாருக்கும் திறந்து விடறதுதான்க்கா. இந்த சர்வர்ல கணக்கு வச்சிருக்கிற யார் வேணும்னாலும் எந்த ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம்."

"நமக்குள்ள என்னம்மா ஒளிவுமறைவு? எல்லாரும் ஒரே குடும்பம்!" என்றார் மேனேஜர். "அக்கா பிழைப்பை விட உன் வீம்புதான் பெரிசா?"

சாவிக்குச் சுருக்கென்றது. மறுபடி ஏற்றிப் பார்த்தாள்.

மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "திறந்தாச்சா?"

"இல்ல சார்."

போனார். மறுபடி வந்தார். "இப்போ?"

"இல்ல சார்."

"தங்கமான மனுஷன்" என்றாள் இஸ்திரி அக்கா, அவர் போன பிறகு. "எனக்காக எப்படி நடையா நடக்கிறார் பாரு. நீயும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தா என்னம்மா?"

சாவி பிளகின் ஃபோல்டரின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தாள். படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். போன மாதம் சர்வர் படுத்தபோது, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தது அவளேதான். அட்மினாக நுழைந்து எடுத்து வைத்ததில், ஃபோல்டரும் அட்மின் பேருக்கே மாறியிருந்தது.

"விக்கி தன் சொந்த வீட்லயே வாடகைக்காரன் மாதிரி நிக்குதுக்கா. எல்லாம் நான் பண்ணின கூத்து!"

விக்கியின் பேருக்கே மாற்றினாள். ஏற்றினாள்.

'அனுமதி மறுக்கப்பட்டது.'

மணி இரண்டே முக்கால். மேனேஜர் வந்து கீபோர்டைப் பிடித்தார். "போதும், தள்ளும்மா. நானே போடறேன்."

"அஞ்சே நிமிஷம் சார். முடியலைன்னா நானே மூணு ஏழு போட்டுடறேன். சத்தியமா."

பிழைப் பதிவேட்டைத் திறந்தாள். காலையிலிருந்து பண்ணுகிற மாதிரியே பிளகின் பேர் வருகிற வரிகளை மட்டும் வடிகட்டி, இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மறுத்தது வேறு ஃபோல்டர்! பிளகினை முதலில் பிரித்துப் போடுகிற தற்காலிக ஃபோல்டர். அதுவும் அட்மின் பேரில்.

"அட, நீயும் அந்தக் கூட்டம்தானா!"

அதையும் மாற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினாள்.

பச்சை வரி ஓடியது. 'பிளகின் நிறுவப்பட்டது.'

"அக்கா, ஸ்கிரீன்ல இங்கே தொடுங்க!"

இஸ்திரி அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டாள். "நாலாம் நம்பர் மெஷின். பருத்தித் துணிக்குச் சூடு இருநூறு. கையுறை இல்லாமல் தொடாதே" என்றது விக்கி, கணீரென்று.

"ஐயோ, பேசுது! எனக்குச் சொல்லுது!" அக்கா சாவியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "இனிமே எவன் என்னை மெஷினை விட்டு நகர்த்துவான்னு பார்க்கிறேன்!"

ஆலையே கூடிக் கைதட்டியது. மூணு மணி ஷிஃப்டுக்கு மணி அடித்தது. அக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலாம் நம்பருக்குப் போனாள்.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மூணு ஏழு போடாமயேவா முடிச்சுட்டே?"

"போடாமயே சார்!"

"ஓ" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு சபாஷ்கூட இல்லை.

சாவிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மனசு துள்ளிக்கொண்டிருந்தது. பதிவேட்டை மூடுமுன் வடிகட்டியை எடுத்துவிட்டாள். பிளகினுக்குச் சம்பந்தமே இல்லாத வரிகள் பதினாலு, மத்தியானத்திலிருந்து பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் நின்றன.

'அனுமதி மறுக்கப்பட்டது: புகார்ப் பெட்டி.'

கடைசி வரி, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது. பதினாலும் மேனேஜரின் கணக்கிலிருந்து.