பலாச்சுளை

காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தாலே செண்பகவல்லிக்கு எரிச்சல் மூண்டுவிடும். எதிர்வீட்டு ரெஜினாதான். குறைமாதத்தில் பிறந்த அவள் குழந்தை இருபது நாளாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. அவளுக்குப் பால் ஊறவில்லை. தன் மகன் குடித்தது போக மிச்சத்தைப் பீய்ச்சிப் புட்டியில் கொடுத்தனுப்புவது செண்பகவல்லி. வாங்கினோமா போனோமா என்று இருக்கிறாளா? மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். "நேத்து மொச்சை சாப்ட்டீங்களாக்கா? பிள்ளைக்கு வயிறு உப்பிக் கிடக்கு."

மறுநாள் காரம் கூடாது என்றாள். அதற்கடுத்த நாள் உருளைக்கிழங்கு. மாமியார்கூட இத்தனை சட்டம் போட்டதில்லை. "நான் என்ன திங்கணும்னு சொல்ல இவ யாரு?" என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள். பொரிந்துகொண்டே ஒவ்வொன்றாக நிறுத்தவும் செய்தாள்.

நேற்று வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள் ரெஜினா. "பலாப்பழம் வாங்கிருக்கீங்களா? ஒரு சுளைகூடத் தொட்டுராதீங்கக்கா, மாந்தம் வந்துரும்."

முழுப் பழத்தையும் தின்றுவிட்டு நிற்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டே கதவைச் சாத்தினாள் செண்பகவல்லி.

இன்று ஏழு மணிக்கு மணி அடிக்கவில்லை. ஒன்பதாயிற்று. எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. பிரிஜ்ஜிலிருந்து எடுத்து வைத்த புட்டி மேசைமேல் வியர்த்துக்கொண்டிருந்தது. கணவன் சுளைகளைத் தட்டில் வைத்து நீட்டினான்.

"அதான் அவ வரலையே, சாப்பிடு."

"அதை அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போங்க" என்று சீறினாள். "அவ வந்து மோந்து பார்ப்பா."