பிளக் பக்கத்துக் கட்டில்

“ஜன்னலோரம். கீழ்க்கட்டில். தலைமாட்டிலேயே பிளக். அனுபவிக்கிறான்யா!”

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப். குளியலறை வரிசையில் நின்றபடி, அறைத் தோழர் நூஹுவிடம் பொருமினான் விஜயபாஸ்கர்.

“யாரு, ரெங்கராஜா?”

“வேற யாரு? கட்டில் காலியானா அடுத்த சீனியருக்குத்தான் போகணும். ரூம் வழக்கம் அதுதானே பாய்? அவனுக்கு ஒரு வருஷம் முன்னாடி வந்தவன் நான். கேம்ப் பாஸ்கிட்ட என்னத்தையோ சொல்லி வாங்கிட்டான்.”

“நைட் டியூட்டிக்காரன், பகல்ல தூங்கணும். அதனால கேட்டிருப்பான்.”

“எங்க தூங்குறான்? சாயங்காலம் அவன் கண்ணைப் பாருங்க, மிளகாப்பழம் மாதிரி இருக்கு. என்ன பண்றானோ! நைட் அலவன்ஸும் அவனுக்கு. அடுத்த மாசம் லீவும் அவனுக்கு. நான் கேட்டா மட்டும் ‘ஆள் பத்தலை’ங்கிறாங்க.”

“பொறந்த புள்ளையை இன்னும் வீடியோவுலதான் பார்த்திருக்கான். போயிட்டு வரட்டுமே, விடுப்பா” என்றார் நூஹு.

விஜயபாஸ்கருக்கு விட மனசில்லை.

கட்டிலைவிடப் பெரிய சண்டை பிளக்கால் வந்தது. விஜயபாஸ்கரிடம் ஒரு வேப் இருந்தது; பேட்டரியில் ஓடுகிற மின்சிகரெட். கேம்ப்புக்குள் அதற்குத் தடை. பாத்ரூமில் ஊதி மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே ஒரு வார்னிங் வாங்கியிருந்தான். இன்னொரு தடவை மாட்டினால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

அதனால் டியூட்டிக்குக் கிளம்பும்போது அதைத் தன் மேல்கட்டிலில், தலையணைக்கு அடியில் ஒளித்து, கீழே ரெங்கராஜின் தலைமாட்டுப் பிளக்கிலிருந்து செல்போனின் ஃபாஸ்ட் சார்ஜர் வயரை இழுத்து மாட்டிவிட்டுப் போவான்.

முதல் நாளே ரெங்கராஜ் அதைப் பிடுங்கிப் போட்டான்.

“மாப்ள, அது போன் சார்ஜர்டா. இத்தனூண்டு பேட்டரி தாங்காது. மெத்தையில வெச்சா சூடு போக வழியில்ல. அதுவும் ஆள் இல்லாதப்பப் போடவே கூடாது. வீங்கி வெடிச்சிரும்.”

“பிளக்கை உன் பேர்ல எழுதி வெச்சிருக்கா? இன்னொரு தடவை என் வயர்ல கை வெச்சே, நடக்கிறதே வேற.”

“சொன்னா கேளு மாப்ள...”

“கட்டிலைப் பிடுங்கினது பத்தலையா உனக்கு?”

ரெங்கராஜ் அதோடு பேச்சை விட்டுவிட்டான்.

விஜயபாஸ்கர் வேண்டுமென்றே தினமும் தலையணைக்கு அடியிலேயே சார்ஜ் போட்டான். சாயங்காலம் திரும்பி வந்தால் முழு சார்ஜ்.

“பார்த்தீங்களா பாய்? மூணு மாசமா போடறேன், வெடிச்சுதா? பிளக்கை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்ல. அதுக்கு ஒரு கதை!”

அன்று ஃபேக்டரியில் மெஷின் பழுது. டியூட்டிக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அறையை நெருங்கும்போது, ஜன்னல் திரை விலகியிருந்த இடைவெளியில் தற்செயலாகப் பார்த்தான் விஜயபாஸ்கர்.

ரெங்கராஜ் தூங்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே, மூலை உடைந்த ரிஜெக்ட் டைல் ஒன்று. அதன்மேல் கறுப்பாக ஏதோ ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு.

வேப்!

விஜயபாஸ்கருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு உபதேசம், இவன் மட்டும் ஒளிச்சு வெச்சு ஊதறானா? அதுக்குத்தான் பிளக் பக்கத்துக் கட்டிலா? கண்ணு சிவந்து கிடக்கிறதும் இதனாலதானா?

அறைக்குள் நுழையவே இல்லை. நேராக கேம்ப்பின் பொறுப்பாளர், கேம்ப் பாஸ் முகம்மது ரிபாயிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

ரிபாய் வந்தார். விஜயபாஸ்கர் வராந்தாவிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

“இது யாருது?”

உள்ளே ரிபாயின் குரல் உயர்ந்தது.

“உன்னைத்தான் கேட்கிறேன். இந்த ரூம்ல ஏற்கெனவே ஒருத்தன் வார்னிங் வாங்கியிருக்கான். அவனோடதா?”

ரெங்கராஜின் குரல் கேட்டது.

“இல்ல பாய். என்னுதுதான்.”

“உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலப்பா. முதல் தடவைங்கிறதால வேலை தப்பிச்சுது. அடுத்த மாச லீவு கேன்சல். இந்தக் கட்டிலையும் காலி பண்ணு. கலாஸ், முடிஞ்சுது!”

சட்டைப் பைக்குள் எதையோ போட்டபடி வெளியே வந்தார் ரிபாய். “கீழ நீ படுத்துக்க” என்று விஜயபாஸ்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான் விஜயபாஸ்கர். ரெங்கராஜ் தலைகுனிந்து பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

“நல்லவன் வேஷம் ரொம்ப நாள் தாங்காது, மாப்ள.”

விஜயபாஸ்கர் தாவி மேல்கட்டிலில் ஏறினான். மெத்தையைச் சுருட்டுவதற்காகத் தலையணையைத் தூக்கினான்.

அடியில் போன் சார்ஜரின் வயர் மட்டும் கிடந்தது.

மெத்தையைப் புரட்டினான். போர்வையை உதறினான். மெல்லத் திரும்பி, தரையில் காலியாகக் கிடந்த அந்த டைலைப் பார்த்தான்.

ரெங்கராஜ் நிமிராமலே சொன்னான்:

“தினமும் நீ போனதும் எடுத்து அதுமேல வெச்சு, என்கிட்ட இருக்கிற சின்ன சார்ஜர்ல போடுவேன். ஏறி முடியிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு, மறுபடி தலையணைக்கு அடியில வெச்சிட்டுத்தான் படுப்பேன். இன்னைக்குன்னு பார்த்து நீ சீக்கிரம் வந்துட்ட.”