பதினோராயிரம் ஸ்டெப்ஸ்

"அப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

புனேயிலிருந்து மகள் மதிவதனி போனில் பதறினாள். காலை பதினொரு மணி. கொரட்டூரில் உலகநாதன் அப்போதுதான் இரண்டாவது காபியில் வாய் வைத்திருந்தார்.

"எதுக்கும்மா?"

"உங்க வாட்ச்லேர்ந்து எனக்கு அலர்ட் வந்திருக்கு. இதயத்துடிப்பு தாறுமாறா இருக்காம். நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க."

உலகநாதன் காபியை அப்படியே வைத்துவிட்டார்.

வாட்ச் மகள் வாங்கிக் கொடுத்தது. மனைவி போன பிறகும் சொந்த வீட்டில்தான் இருப்பேன் என்று அவர் அடம்பிடிக்க, அவள் ஒரு நிபந்தனை போட்டாள். தினம் எட்டாயிரம் ஸ்டெப்ஸ் நடக்க வேண்டும். எவ்வளவு நடந்தார் என்பது அவள் போனுக்குத் தானாக வந்துவிடும். ஒரு வாரம் குறைந்தாலும் வீட்டைப் பூட்டிவிட்டு புனேக்கு வந்துவிட வேண்டும்.

புனேயில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து யாரோடு பேசுவது என்று அவருக்கு நிஜமாகவே பயம். பயம் என்னவெல்லாம் செய்யும் பாருங்கள், முழங்கால் வலிக்காரர் மூன்று மாதமாகத் தினம் பதினோராயிரத்துக்குக் குறையவில்லை. மகளுக்கு ஏகப் பெருமை.

எதிர்வீட்டு பக்தவத்சலத்துக்கு மட்டும் உறுத்தல்.

"நான் தினம் ஏரிப்பக்கம்தான் வாக்கிங் போறேன். உங்களை ஒருநாள்கூடப் பார்க்கலையே சார்?"

"நான் வேற பக்கம் போவேன்."

"இந்த வாட்ச் எல்லாமே டுபாக்கூர் சார். கையை ஆட்டினாலே ஏறும்."

அதை மட்டும் உலகநாதன் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். அளவு தப்பாக வந்தால் புதுப் பையன்கள் கருவி சரியில்லை என்பார்கள். "கருவியைக் குறை சொல்றது அப்புறம். எந்தப் பீஸ் மேல வச்சே, அதை முதல்ல காட்டு" என்பார்.

வேலைக்கு வரும் அங்கம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கம்மா, நீயும் கூடக் கிளம்பு."

"நான் இன்னாத்துக்கு சார்? இன்னும் மூணு ஊடு கீது. பாடிப் பக்கத்து ஊட்டு அம்மா கத்தும்."

"மூணு வீட்டுக்கும் நான் போன் பண்ணிச் சொல்றேன். வாம்மா."

ஆட்டோ வந்தது. கிளம்பும்போது மறக்காமல் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் முன்னால் ஒரே கூட்டம். படியில் ஏறினார்கள். பாதியில், அவருடைய மெடிக்கல் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்த அங்கம்மா நின்றுவிட்டாள்.

"நீங்க போய்க்கினே இருங்க சார். நான் கொஞ்சம் குந்திக்கினு வர்றேன்."

அவள் எழுந்திருக்கும்வரை அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே இருந்து பார்த்த நர்ஸ், பெரியவரால்தான் ஏற முடியவில்லை என்று நினைத்து வீல்சேரைத் தேடி ஓடினாள்.

டாக்டர் சபீனாவின் அறையில், மேஜை மேல் போனை நிற்க வைத்தாயிற்று. வீடியோ காலில் மதிவதனி.

"டாக்டர், ஒரு விஷயம் சொல்லணும்..."

"சொல்லலாம் சார். முதல்ல படுங்க."

இசிஜி எடுத்தார்கள்.

"டாக்டர், வந்து..."

"அப்பா, அவங்களைப் பார்க்க விடுங்கப்பா" என்றது போன்.

எக்கோவும் எடுத்தார்கள். மகள் கண் அவர் மேலேயே இருந்தது. எப்படியாவது இந்த போன் கால் கட் ஆகிவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று சிக்னல் பிரமாதமாக இருந்தது.

டாக்டர் சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார்.

"இதயம் நல்லா இருக்கு சார். தினம் பதினோராயிரம் ஸ்டெப்ஸ்னா சும்மாவா?"

"அப்போ அந்த அலர்ட்?" என்றாள் மதிவதனி.

"வாட்ச் தப்பாக் காட்டியிருக்கும்."

மதிவதனிக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்தச் சனியனைக் கழட்டித் தூரப் போடுங்கப்பா. நீங்க கொரட்டூர்லயே நிம்மதியா இருங்க. இனிமே ஸ்டெப்ஸ் பத்திப் பேசவே மாட்டேன்."

மூன்று மாதமாக அவர் ஏங்கிய வார்த்தை. கேட்காமலே கிடைத்துவிட்டது. சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்தார். டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். கதவைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் தலை சாய்த்திருந்தாள் அங்கம்மா. அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஒண்ணும் இல்லியாமா சார்? அப்பாடா. போலாமா? ரெண்டு ஊட்டு வேலையாவது முடிச்சுருவேன்."

உலகநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வா" என்றார்.

அவளை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். வாட்சைக் கழற்றி டாக்டர் முன்னால் வைத்தார்.

"வாட்ச் மேல தப்பில்லை டாக்டர். காலையில அலர்ட் வந்தப்போ அது இவங்க கையில இருந்தது. மூணு மாசமா இவங்க கையிலதான் இருக்கு."

டாக்டர் அங்கம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

உலகநாதன் போனைக் கையில் எடுத்தார்.

"மதி, எனக்கு புனேக்கு டிக்கெட் போட்டுடும்மா" என்றார். "இவங்க டெஸ்ட்டெல்லாம் முடியற தேதியாப் பாரு."