தானாகச் சரியாகும் கம்ப்யூட்டர்

“எப்பவும் மறுநாளே தானா சரியாயிடும், பிரசாந்து. இந்த வாட்டி ஒரு வாரமாச்சு, ஆகல. அதான் கூப்ட்டேன்” என்றார் குணபாலன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரசாந்த் சிரிப்பை விழுங்கினான். தானாகச் சரியாகிற கம்ப்யூட்டர் ஊரில் பெருகினால் அவன் கடையில் டீதான் ஆற்ற வேண்டும். ஆனால், தொண்டூரில் வேர்க்கடலை மூட்டை வாங்கி விற்கும் அந்த மல்லாட்டை வியாபாரியின் முகம் சிரிக்கிற மாதிரி இல்லை. கண் உள்ளே போயிருந்தது. பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமண வீடு அது. வெயில் இறங்கியும் மூடி வைத்த தட்டு தொடாமலே கிடந்தது.

பாஸ்வேர்டை அவரே போட்டுக் காட்டினார். திரை ஒரு கணம் இருண்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. தப்பு என்று சொல்லவில்லை. சரி என்று வாங்கிக்கொண்டு வாசலிலேயே நிறுத்தியது. மாமனார் வீட்டில் பிரசாந்துக்குக் கிடைக்கும் மரியாதை.

உள்ளே கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தது லினக்ஸ். இந்தப் பக்கம் அதை யார் போடுவார்கள்? போலந்தில் இருக்கும் மகன் ஹர்ஷவர்தன் போட்டதா என்று கேட்டான்.

“அவன் பேச்சு இப்ப எதுக்கு? வேலயப் பாரு.”

பிரசாந்த் நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மாவின் காரியத்துக்கு மகன் வந்து சேரவில்லை. அன்றிலிருந்து குணபாலன் அவன் போனை எடுப்பதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம், இவன் வாயில்தான் வந்து விழ வேண்டுமா?

எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரைக்குப் போய்த் தேடினான். கோளாறு சின்னதுதான். ஆளை உள்ளே விடுமுன் கம்ப்யூட்டர் ஒரு குட்டி ஃபைலில் எழுதிக்கொள்ளும். குணபாலன் பேரில் இருக்க வேண்டிய அந்த ஃபைல் அட்மின் பேருக்கு மாறியிருந்தது. எழுத முடியாமல் அவரைத் திருப்பி அனுப்புகிறது. பேரை மாற்றினான். திரை பளிச்சென்று திறந்தது.

“முடிஞ்சுதுங்கய்யா” என்று பெருமையாகத் திரும்பினான்.

பெரியவர் முகம் இன்னும் வாடிப்போயிற்று. “நீ பண்ணதா? தானா ஆகலியா?”

பிரசாந்துக்குச் சுருக்கென்றது. தானாக எதுவும் ஆகாது என்று காட்டிவிட வேண்டுமென்று பழைய பதிவுகளைத் திறந்தவன், அப்படியே நிமிர்ந்தான். ஒவ்வொரு முறையும் ஃபைல் கெட்ட மறுநாள், வெளியிலிருந்து யாரோ நெட் வழியாக உள்ளே நுழைந்து, அதைத் திருத்திவிட்டு, வேறு ஒன்றையும் தொடாமல் போயிருந்தார்கள்.

இந்த முறை மட்டும் ஏன் வரவில்லை? மோடத்தில் சிவப்பு விளக்கு. மாடியேறிப் பார்த்தான். குரங்கு நெட் ஒயரைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது.

கீழே வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

“ஒயரு அறுந்ததாலதான் வரலியா? வேற ஒண்ணும் இல்லியே?” குணபாலன் எழுந்து நின்றார். இல்லை என்றதும் பொத்தென்று உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பயந்துவிட்டார் பாவம் என்று நினைத்தான் பிரசாந்த். “கவலப்படாதீங்கய்யா. ஒயரப் போட்டுட்டு, அந்தாளு பூர்ற வழிய நிரந்தரமா அடைச்சிடறேன்.”

கீபோர்டை நோக்கி நீண்ட அவன் கையைக் குணபாலன் பிடித்துக்கொண்டார்.

“ஒயர மட்டும் போடு. அந்த வழியத் தொடாத.”

கீபோர்டைத் தன் பக்கம் திருப்பி, கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தங்குதடையில்லாமல் அடித்தார். அந்தக் குட்டி ஃபைல் மறுபடியும் அட்மின் பேருக்கு மாறியது.

“நாளைக்கு ஹர்ஷா வந்து சரி பண்ணட்டும்.”