பெட்ரோல் இறங்கவில்லை

வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பட்டென்று நிற்கவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக வேகம் குறைந்து, விக்கி விக்கி, கடைசியில் ஓய்ந்தது. ஓரமாக உருட்டி ஸ்டாண்டு போடுவதற்குள்ளேயே மெக்கானிக்குக்கு நோய் பிடிபட்டுவிட்டது. கரண்டு கோளாறு என்றால் ஒரே அடியாக அணைந்துபோகும். இது பெட்ரோல் இறங்காத கோளாறு.

பின்னால் இருந்தவள் பெட்டியைப் பிடித்தபடி இறங்கினாள். அவர் மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்த மகள். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, நாளைக் காலையில் சேர வேண்டும். வண்டியில் மூன்று பேருக்கும் ஒரு பெட்டிக்கும் இடம் போதாது என்பதால் அம்மா வாசலிலேயே அழுது முடித்துவிட்டாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள் மகள்.

சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்று காலையிலிருந்து அவசரப்படுத்தியவளும் அவள்தான். போவதற்கு அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

சின்னப் பெண்ணாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. சித்தப்பா என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள், அதுவும் ஒட்டவில்லை. அன்றிலிருந்து மொட்டைப் பேச்சுதான். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று என்பாள், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாள். மரியாதையில் குறை வைத்ததில்லை. யாரிடம் சொல்கிறாள் என்பது மட்டும் அந்தப் பேச்சில் இருக்காது.

மெக்கானிக் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் இந்த ஒரு வாரமாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இத்தனை வருஷத்தில் தான் இந்தப் பெண்ணுக்கு ஏதாவதாக இருந்தோமா, இல்லை வீட்டில் இருந்த இன்னொரு ஆள்தானா? அது தெரியாமலே அவளை பஸ் ஏற்றிவிடப் போகிறார். எஞ்சின் என்றால் ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிடலாம். பெண்ணிடம் எதை வைத்துக் கேட்பது?

டேங்கை ஆட்டிப் பார்த்தார். தளும்பியது. நேற்று அவரே போட்ட பெட்ரோல்.

மூடியைத் திறந்தார். மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது, பெட்ரோலும் கீழே வராது. வாயை வைத்து ஊதினார். ஓட்டை சுத்தமாகத்தான் இருந்தது.

கார்பரேட்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தினார். ஒரு சொட்டு விழவில்லை.

ஊர் வண்டிகளையெல்லாம் ஓட வைக்கிறவர் தன் வண்டியோடு ரோட்டோரம் குந்தியிருப்பதைத் தெரிந்தவர்கள் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும். அந்தக் கவலை வேறு.

மகள் முதுகைக் காட்டியபடி சாலையைப் பார்த்து நின்றிருந்தாள். தோளில் மாட்டியிருந்த பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

இனி டியூப்தான் பாக்கி. டேங்குக்கு அடியில் கையை விட்டார். டியூப்பைத் தேடிப் போன விரல் அதற்கு மேலே, பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பில் பட்டது.

டேப் மூடியிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. டேப்பைத் திறக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்களை அவர் லேசில் விடமாட்டார், ஒரு வாரத்துக்கு ஓட்டுவார். தன் வண்டியில் அதைப் பார்க்கத் தோன்றாததற்குக் காரணம், அவர் அந்த டேப்பை மூடுவதே இல்லை. தானாக மூடிக்கொள்ளவும் வழியில்லை, அழுத்தித் திருப்பினால்தான் திரும்பும்.

சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

காலையில் பெட்டியைக் கட்டக் கயிறு எடுத்து வர அவர் உள்ளே போனபோது, வண்டியின் பக்கத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது, செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்திருந்தாள்.

வண்டியை நிறுத்த நினைக்கிற வேறு யாரும் சாவியை ஒளித்து வைப்பார்கள், இல்லையென்றால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். டேப்பை மூடினால் வண்டி உடனே நிற்காது, கார்பரேட்டரில் தேங்கியிருக்கும் பெட்ரோலில் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும் என்பது பட்டறையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அவர் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கிய போதெல்லாம், மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் தலை நிமிர்ந்ததே இல்லை. அவள் பாட்டுக்கு எழுதுகிறாள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். காலையிலிருந்து அவசரப்படுத்தியதும் வழியில் இந்தக் கொஞ்ச நேரம் கிடைக்கத்தான்.

மெக்கானிக்கின் கண் நிறைந்துவிட்டது. டேங்குக்குப் பின்னால் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

டேப்பைத் திருப்பினால் போதும், வண்டி கிளம்பிவிடும். அவர் கையை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டார்.

"கார்பரேட்டர்ல அடைப்பு போல இருக்கும்மா. மொத்தமா கழட்டித்தான் பாக்கணும், நேரமாகும்."

அவள் திரும்பினாள். டேப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

பையைக் கழற்றிப் பெட்டியின்மேல் வைத்தாள். வண்டியின் மறுபக்கம் போகாமல், அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். ஸ்பேனர்களைச் சுருட்டி வைத்திருந்த துணியை விரித்து, அவர் கேட்பதற்கு முன்பே பத்தாம் நம்பரை எடுத்து நீட்டினாள்.

ஒரு கோளாறும் இல்லாத கார்பரேட்டரை இரண்டு பேரும் கழற்றினார்கள். அவர் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க அவள் துடைத்து வைத்தாள்.

அவள் போகவேண்டிய பஸ் அந்த வழியாகத்தான் வந்தது. அதை விட்டால் மத்தியானம்தான் அடுத்தது.

கை காட்டினால் நிற்கிற பஸ்தான். இரண்டு பேருக்கும் கையில் வேலை இருந்தது.