ஹெயிக்காவின் பழைய சைலன்சர்

சம்மோலிடம் சொந்தமாக ஒரு மான்கூடக் கிடையாது. அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன்.

அன்று மதியம் அவன் வீட்டைச் சுற்றி ஒரு துருவமான் மந்தையே நின்றது. எத்தனை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் ஒருவனிடம் உனக்கு எத்தனை மான் என்று கேட்பதும், பேங்கில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பதும் ஒன்றுதான்.

ஒவ்வொரு மானின் காதிலும் ஹெயிக்காவின் வெட்டுக்குறி.

ஹெயிக்கா என் சித்தப்பா மகன். மந்தை மிரளாதபடி மேட்டிலேயே இஞ்சினை அணைத்து நாங்கள் சறுக்கிவந்த பனி ஸ்கூட்டரிலிருந்து குதித்த வேகத்தில் இடுப்பளவு பனியில் புதைந்துபோனான். புதைந்த இடத்திலிருந்தே கத்தினான்.

“டேய் பஸ்காரா! எத்தன நாளாடா நடக்குது இந்தத் திருட்டு?”

சம்மோல் தலைசீவி, சலவைச் சட்டை போட்டு, எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நான் எங்கடா திருடுனேன்? வண்டிய எடுத்தா பின்னாலயே வருதுங்க. நேத்து கடை வரைக்கும் வந்து நிக்குதுங்க, ஊரே சிரிக்குது.”

அவன் பொய் சொல்லவில்லை.

ஹெயிக்காவின் பனி ஸ்கூட்டர் மூன்று கை மாறி வந்தது. பொடிப்பயல்களின் புது வண்டிகள் மேட்டில் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும். புதிது வாங்க வக்கில்லை. அதனால் மலிவில் என்னென்ன முடியுமோ எல்லாவற்றையும் அந்த ஓட்டை வண்டிக்குச் செய்தோம். கிளட்சுக்கு வேறு ஸ்பிரிங் போட்டோம். அடியில் சுழலும் பட்டையில் பிடிப்புக்காக ஆணி அடித்தோம். கடைசியாக, இணையத்தில் வரவழைத்த பளபளப்பான சைலன்சர்.

ஸ்பேனர் பிடித்தவன் நான். சைலன்சர் யோசனை மட்டும் சம்மோலுடையது. கழற்றிப் போட்ட துருப்பிடித்த பழையதையும் அவனே வந்து கேட்டு வாங்கிப்போய்த் தன் பனி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷத்து வண்டிகள்.

புதியதை மாட்டியதும் ஹெயிக்காவின் வண்டி பறந்தது உண்மைதான். மான்களும் பறந்தன.

இந்த வருஷம் நடுக்குளிரில் மழை பெய்து, அது அப்படியே உறைந்துவிட்டது. மான்கள் தின்னும் பாசியெல்லாம் பனிக்கட்டிக்கு அடியில். குளம்பால் எவ்வளவு கிளறினாலும் எட்டாது. மந்தை நிற்கும் ஏரிக்கு மூட்டை மூட்டையாகத் தீவனம் கொண்டுபோய்க் கொட்டினால்தான் பிழைக்கும். ஹெயிக்கா கொண்டுபோனான். புதுச் சத்தம் காதில் விழுந்ததும் அவை மலையேறி ஓடின.

இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் மந்தை காலி. ஹெயிக்காவுக்கு வேறு பிழைப்பு தெரியாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மான்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர் மனிதர்களும் அப்படித்தான். ஒவ்வொரு வண்டியின் சத்தமும் எல்லோருக்கும் அத்துப்படி. யார் எந்த நேரத்தில் யார் வீட்டுப் பக்கம் போகிறார்கள் என்று ஜன்னல் திரையை விலக்காமலே சொல்லிவிடுவார்கள்.

“பழசக் குடுத்துருடா. புதுச நீயே வச்சுக்க,” என்றான் ஹெயிக்கா, பனியிலிருந்து ஒரு காலை உருவிக்கொண்டே.

இதைவிட லாபமான பேரம் சம்மோலுக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்காது. அவனோ எங்கள் முகத்தைப் பார்க்காமல் முடியாதென்று தலையை ஆட்டினான்.

“மானையெல்லாம் ஓட்டிட்டுப் போ. வேணும்னா நானே ஏரி வரைக்கும் கொண்டாந்து விடுறேன். சைலன்சர மட்டும் கேக்காத.”

துருப்பிடித்த தகரத்தின் மேல் இப்படியொரு பாசமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெயிக்காவுக்கு வரவில்லை. என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு போய் சம்மோலின் வண்டி மூடியைத் தூக்கினான். சம்மோல் தடுக்கவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் இரண்டு தரம் பார்த்தான்.

அதை எங்கள் வண்டிக்கு மாற்றி மாட்டி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்ததும் பழைய இருமல் கேட்டது. மந்தை மொத்தமும் தலையைத் தூக்கியது.

பிறகு என்ன, ஊர்வலம்தான். ஹெயிக்கா முன்னால், நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் மான்கள். ஏரியில் தீவனத்தைக் கொட்டியபோது என் முழங்காலை இடித்துத் தள்ளிவிட்டுத் தின்றன. ஹெயிக்கா அழுதான். குளிர்காற்று கண்ணில் பட்டுவிட்டது என்றான். எனக்கும்தான் பட்டிருந்தது.

“வாண்ணே, வீட்டுக்குப் போவோம். ரிஸ்தென்கிட்ட மொதல்ல சொல்லணும். பாவம், என்கூடச் சேர்ந்து அவளும் தூங்கல.”

ரிஸ்தென் அவன் மனைவி. தீவன நாட்களில் அவன் பொழுது சாய்வதற்குமுன் வீடு திரும்பியதே கிடையாது. இன்று இன்னும் வெளிச்சம் இருந்தது.

ஊருக்குள் நுழைந்தோம். ஒரு ஜன்னல் திரைகூட அசையவில்லை. அவன் வீட்டு நாய் படுத்தபடியே வாலை ஆட்டியது.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தினான். கதவு தாழ் விலகும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்தே ரிஸ்தென் குரல் கொடுத்தாள். அவள் குரல் அவ்வளவு இனிமையாக நான் கேட்டதில்லை.

“வா சம்மோல், ஏன் இவ்வளவு நேரம்? அந்தாளு ஏரிக்குப் போயாச்சு, இருட்டினப்புறந்தான் வரும்.”

ஹெயிக்கா இஞ்சினை அணைக்கவில்லை.